கூரையில்லாத ஹெரால்டு

வெள்ளிக்கிழமை மீன் கழுவுவது கிளிஃபர்டின் வேலை. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். மௌரீன் குழம்பு வைப்பாள், வறுப்பாள். செதில் உரசவோ செவுள் பிடுங்கவோ அவள் கை வைத்ததில்லை. அன்றைக்கு அவர் விடிந்ததுமே ஊரெல்லையில் இருக்கும் அத்திபெலேவுக்கு பஸ் ஏறிவிட்டார். அதனால் பின்பக்கக் குழாயடியில் பலகை போட்டு உட்கார்ந்து, சங்கரா மீனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவள் மௌரீன். ஒரு செதில் பறந்து வந்து மூக்குக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது.

"கார் வருதாம், கார்" என்று மீனிடம் சொன்னாள்.

துவைக்கிற கல்மேல் வைத்திருந்த போன் அடித்தது. மெல்போர்னிலிருந்து மகள் ஆஞ்சலா. முழங்கையால் ஸ்பீக்கரை அமுக்கினாள்.

"மம்மி, பிஸியா?"

"மீன் கழுவுறேன்."

"நீங்களா! டாடி எங்க?"

"உங்க டாடி பொண்ணழைக்கப் போயிருக்காரு. கொல்கத்தாவுலருந்து லாரியில வந்து இறங்குறா. பகல்ல அவ்ளோ பெரிய லாரிய ஊருக்குள்ள விடமாட்டாங்களாம். அதான் எல்லைக்கே போய்க் கூட்டிட்டு வராரு."

ஆஞ்சலா சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "மம்மி, இந்தத் தடவையும் நிக்கல."

மௌரீன் குழாயை மூடினாள். கல்யாணமாகி ஆறு வருஷம். எத்தனை டாக்டர், எத்தனை ஊசி என்று கேட்பதை அவள் எப்போதோ நிறுத்திவிட்டாள். "சரி கண்ணு" என்றாள்.

"டாடிகிட்ட இப்ப சொல்லாதீங்க. ஒன்பது வியாழக்கிழமை எனக்காகக் கோயிலுக்குப் போனாரே, மனசு ஒடஞ்சிடுவாரு. கார் வர்ற அன்னிக்கு வேணாம்."

அந்த ஒன்பது வியாழக்கிழமையைப் பற்றி மகளிடம் சொன்னதே மௌரீன்தான்.

கிளிஃபர்ட் கோயிலே கதி என்று கிடக்கிற ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வாசலோரம் நின்றுவிட்டு, பிரசங்கம் நீண்டால் வெளியே போய் டீ குடித்துவிட்டு வருவார். அப்படிப்பட்டவர் ஒரு நாள் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, "இந்த வியாழக்கிழமையிலருந்து குழந்தை இயேசுவுக்கு ஒன்பது வாரம் நவநாள் பண்ணப் போறேன்" என்றார். எதற்கு என்று கேட்டாள். அவர் காலரைத் திரும்பத் தேய்த்தார். மௌரீனுக்குத் தெரியாதா என்ன? அந்தக் கோயிலுக்கு ஜனங்கள் வாராவாரம் வந்து நிற்பதில் பாதிக்குமேல் குழந்தை கேட்டுத்தான். வீட்டிலும் குறை அது ஒன்றுதானே. அவளும் கூடவே போனாள். இடம் பிடிக்க அவள் முன்னால் உள்ளே போவாள். அவர் வாசலில் மெழுகு வாங்கி ஏற்றிவிட்டுப் பின்னால் வருவார்.

இதைச் சொன்னபோது ஆஞ்சலா போனிலேயே அழுதுவிட்டாள். அப்பனுக்கும் மகளுக்கும் அதுவரை "சாப்ட்டீங்களா", "சாப்ட்டேன்", அவ்வளவுதான் பேச்சு. அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் "டாடிகிட்ட குடுங்க" என்று கேட்டு வாங்கிப் பேச ஆரம்பித்தாள். கிளிஃபர்டும் போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசல்வரை நடந்து பேசப் பழகினார். ஒன்பது வாரம் முடிந்த கையோடு அவர் கார் வாங்குகிற பேச்சை எடுத்தார். ரிட்டயரானதும் கையில் வந்ததில் பெரும்பகுதி அதற்குத்தான் போனது. வேறு சமயமாக இருந்திருந்தால் வீடு இரண்டாகியிருக்கும். மகளுக்காக முட்டிபோட்ட மனுஷன், போகட்டும் என்று மௌரீன் விட்டுவிட்டாள்.

கிளிஃபர்ட் முப்பது வருஷம் ஒரே கம்பெனியில் டிரைவர். கம்பெனியில் சார்கள் மாறினார்கள், கார்கள் மாறின. "கிளிஃபர்ட், கண்ணாடிய ஏத்து" என்பது மட்டும் மாறவில்லை. பின்சீட்டில் பேசுவது எல்லாம் காதில் விழும். விழாத மாதிரி உட்கார வேண்டும். பக்கத்து சீட்டில் சாரின் லஞ்ச் பை. ஒரு தடவை ஒரு சாரின் மனைவி வீட்டுக்கே வந்து, நேற்று சாயங்காலம் அவரை எங்கே இறக்கிவிட்டாய் என்று கேட்டாள். கிளிஃபர்ட் பொய் சொல்லவில்லை. அந்த மனுஷனுக்குப் பொய் வராது. தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அந்தம்மா சற்று நேரம் அவரையே பார்த்தாள். அப்புறம் "புரிஞ்சுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்த மௌரீனுக்கும் அன்றைக்குப் புரிந்தது, தன் புருஷன் வாயை மூடினால் அதற்கு என்ன அர்த்தம் என்று.

சாப்பாட்டு நேரம் தாண்டி சந்து முனையில் ஹாரன் கேட்டது. ஆடு கத்துகிற மாதிரி ஒரு ஹாரன். மௌரீன் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வெள்ளையும் சிவப்புமாகப் பழைய ஹெரால்டு கார், மேலே திறந்தது. தெருவில் பாதி வீட்டு ஜன்னல் திறந்துவிட்டது. கிளிஃபர்டின் முகம் முழுக்கத் தூசி. மிச்சமிருந்த நாலு முடியும் நட்டுக்கொண்டு நின்றது. இப்படி வாயெல்லாம் பல்லாக அவரை அவள் கடைசியாகப் பார்த்தது ஆஞ்சலாவின் கல்யாணத்தில்.

"பொம்மசந்திராகிட்ட ரெண்டு வாட்டி நின்னுச்சு. அப்புறம் பாரு, பட்டு மாதிரி வந்துச்சு" என்றார். பக்கத்து சீட்டைக் கைக்குட்டையால் தட்டினார். "இனிமே இங்க நீ."

"லஞ்ச் பைக்கு பதிலா நானா?"

"லஞ்ச் பை இவ்ளோ பேசாது."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காரை ஒரு சுற்று சுற்றி வந்தாள். பின்பக்கம் இரண்டு இரும்புக் கம்பிகள் மடங்கிக் கிடந்தன. "மழை வந்தா இத எப்படி மூடுவீங்க?"

கிளிஃபர்ட் தலையைச் சொறிந்தார். கொல்கத்தாக்காரன் அனுப்பிய படங்கள் எல்லாவற்றிலும் கார் திறந்துதான் இருந்தது. திறந்த காரைத் திறந்தபடி பார்த்ததில் மயங்கி, மூடுகிற துணி உண்டா என்று கேட்கவே இவருக்குத் தோன்றவில்லை.

"ஊர்ல இருக்குற எல்லா காருக்கும் சக்கரத்துலருந்து ஸ்குரூ வரைக்கும் பாப்பீங்க. சொந்தக் காருக்குக் கூரை இருக்கான்னு பாக்கல?"

"நீ தைக்க மாட்டியா?"

தெருக்கோடிவரை, கோயிலில் முதல்முதலாகப் புதுநன்மை வாங்குகிற பிள்ளைகளுக்கு வெள்ளை கவுன் தைத்துத் தருபவள் மௌரீன். முறைத்தாள். முறைத்துவிட்டு உள்ளே போய் இஞ்ச் டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்தாள். கேன்வாஸ் துணிக்கு மோட்டா ஊசி வாங்க வேண்டும், ஓரத்துக்கு லெதர் பட்டை. அவர் கம்பியைத் தூக்கிப் பிடிக்க, அவள் குனிந்து அளந்தாள். அடுத்த வியாழக்கிழமை கோயிலில் ஃபாதரிடம் காரை மந்திரித்து வாங்கிக்கொண்டு, அப்படியே ஒரு ரவுண்டு போகலாம் என்றார். பார்க்கலாம் என்றாள்.

அப்போதுதான் சந்திரம்மா வந்தாள். கோயில் வாசலில் மெழுகுதிரி, மெழுகுப் பொம்மை விற்பவள்; வீடு வேண்டுபவருக்கு மெழுகு வீடு, பிள்ளை வேண்டுபவருக்கு மெழுகுத் தொட்டில். பக்கத்துத் தெரு மாரியம்மன் கோயிலுக்கும் அவள்தான் எலுமிச்சம்பழம் கட்டுவாள். கையில் நாலு பழம்.

"டயருக்கு அடியில வையுங்கண்ணா, கண்ணு பட்டுடும்" என்று அவளே குனிந்து வைத்தாள். நிமிர்ந்து காரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "நம்ம பாலயேசு கைவிடலயே அக்கா! ஒன்பது வாரமும் அண்ணன் என்கிட்டதான் மெழுகு கார் வாங்கினாரு. ஒரு வாரம் கார் தீந்துபோச்சு, பஸ் இருக்குது, வாங்கிக்கோங்கன்னேன். பேடம்மா, பஸ் வேணாம், கார்தான் வேணும்னு நின்னாரு. ஆட்டோ ஏறிப்போய் எடுத்துட்டு வந்து குடுத்தேன்."

மௌரீனின் கையில் டேப் அப்படியே நின்றது. "தொட்டில் வாங்கலயா?"

"தொட்டிலா? அது முன்னெல்லாம் நீங்கதானே வாங்குவீங்க. அண்ணன் கேக்கவே இல்லயே."

கிளிஃபர்ட் கம்பியைப் பிடித்தபடி வானத்தைப் பார்த்தார். "மழை வரும்போல இருக்கு" என்றார். வந்தது. நீலத் தார்ப்பாயை எடுத்து இரண்டு பேருமாக இழுத்துக் கட்டினார்கள். சந்திரம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினாள்.

இலை போட்ட மாதிரி தட்டில் சோறு, சங்கராக் குழம்பு, இரண்டு வறுத்த துண்டு. தலை துவட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தவர் நாலு வாய் சாப்பிட்டார். நாக்கிலிருந்து ஒரு செதிலை எடுத்துத் தட்டோரம் வைத்தார். குறை சொல்லவில்லை.

மௌரீன் எதிரில் உட்கார்ந்தாள். டேப் இன்னும் கழுத்திலேயே தொங்கியது.

"ஆஞ்சலா கூப்ட்டா. இந்தத் தடவையும் நிக்கலயாம்."

அவர் கை சோற்றிலேயே நின்றது.

"உங்ககிட்ட சொல்ல வேணாம்னா. ஒன்பது வாரம் எனக்காகப் போனாரு, மனசு ஒடஞ்சிடும்னா."

"அப்ப அந்தக் கொல்கத்தா வீட்டுல அண்ணன் தம்பி சண்ட, கார விக்கவே மாட்டேன்னுட்டாங்க" என்றார் கிளிஃபர்ட், மெதுவாக. "வேற எங்க போய்க் கேக்குறது, சொல்லு. முப்பது வருஷம் கண்ணாடி ஏத்தியே ஓட்டிட்டேன் மௌரீன்."

"கார் கேட்டது தப்புன்னு நான் சொல்லல."

"நான் அவகிட்ட ஒண்ணும் சொல்லலயே. நீதானே…"

"ஆமா, நான்தான். என் புத்திய வெச்சு நானே நெனச்சுக்கிட்டேன், அவகிட்டயும் சொல்லிட்டேன். நாளைக்கு திரும்பக் கூப்பிடுவா. டாடிகிட்ட குடுங்கன்னுவா." அவள் குரல் உயரவில்லை. "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. ஒன்பது வாரத்துல ஒரு வாரம், கார் மெழுகு எரியுறப்பவாவது, நடுவுல ஒரு தடவ, அவ பேரச் சொன்னீங்களா?"

கிளிஃபர்ட் தலையைக் குனிந்துகொண்டார். விரலால் மீனின் நடுமுள்ளைப் பிரித்தார். பிரித்த முள்ளைச் செதிலுக்குப் பக்கத்தில் வைத்தார். வெளியே தார்ப்பாயில் மழை தடதடவென்று அடித்தது.

மௌரீன் காத்திருந்தாள். ஒரு பொய் சொன்னால்கூடப் போதும் என்று அவளுக்கு இருந்தது. பிறகு எழுந்து, கழுத்திலிருந்த டேப்பைக் கழற்றிச் சுருட்டி அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.