இறங்கினால் நல்லதாம்

என் இரத்தம் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று தண்ணீர்மலை முருகனிடம் வேண்டிக்கொண்டவன் நான். காரணம், என் அண்ணி.

எனக்கு லூப்பஸ். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி உடம்பையே அடிக்கும் நோய்; பெரும்பாலும் பெண்களுக்கு வருவது. மூட்டு ஒவ்வொன்றும் அழும். வெளியே பார்த்தாலோ கன்னம் சிவந்து புதுமாப்பிள்ளை மாதிரி இருப்பேன். தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் வெங்காயம் நறுக்க உட்கார்ந்தவன், விரல் மடங்காமல் எழுந்துவிட்டேன். அண்ணி பந்தல் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"பொம்பளைங்க வியாதியக்கூட விட்டு வைக்கல லா இந்தத் தம்பி. வேலைன்னா கை வராது, சாப்பாடுன்னா தானா வந்துரும்."

எல்லாரும் சிரித்தார்கள். நல்ல வரி, நான் எழுதியிருக்க வேண்டியது. அதனாலேயே மன்னிக்க முடியவில்லை.

வலிக்குச் சாட்சி கிடையாது. இரத்தத்துக்கு உண்டு. இந்த நோய் கொதிக்கும்போது சி3, சி4 என்ற இரண்டு புரதங்கள் செலவாகி இறங்கிவிடும். இறங்கட்டும், அந்த ரிப்போர்ட் தாளை அண்ணியின் மூக்குக்கு நேரே நீட்டுகிறேன் என்று கறுவிக்கொண்டிருந்தேன்.

அடுத்த பரிசோதனையில் இரண்டுமே இறங்கியிருந்தன. என் பல்லெல்லாம் தெரிந்தது.

"சார், இது நல்ல செய்தி இல்ல," என்றார் டாக்டர். "கிட்னியையும் பாக்கணும். மருந்தக் கூட்டணும்."

"புரியுது டாக்டர். இந்த ரிப்போர்ட் ஒரு காப்பி கிடைக்குமா?"

சிறுநீரகம் தப்பித்தது என்று தெரிந்த ஞாயிறன்று, சிம்பாங் அம்பாட்டிலுள்ள அண்ணி வீட்டுக்குப் போனேன். சர்க்கரையிலும் கொழுப்பிலும் ஊறிய குடும்பம் எங்களுடையது. ரிப்போர்ட் படிக்கத் தெரியாதவர் கிடையாது. அண்ணி தாளை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"ரெண்டும் லோவா! எனக்கு ஒரு தடவகூட எதுவும் இறங்குனதில்ல தம்பி. ஒனக்கு ஒன்னும் இல்லன்னு நான்தான் அப்பவே சொன்னேன்ல?"

"அண்ணி, இது சர்க்கரை இல்ல. எறங்குனாதான் ஆபத்து."

"நல்லது சொன்னாலும் வலிக்குது லா ஒனக்கு. வா, சாப்புடு."

கூட்டிய ஸ்டெராய்டு தரும் பசி மனிதப் பசி அல்ல. அண்ணி தன் மகனுக்கென்று எடுத்து வைத்திருந்த நண்டுப் பிரட்டலையும் நானே இழுத்துக்கொண்டேன். என் வழக்குக்கு எதிராக நானே சாட்சி சொல்கிறேன் என்பது தெரிந்தது.

"கை வலிக்கலையா தம்பி?" என்றார் அண்ணி.

"உயிர் போகுது அண்ணி," என்று சொல்லிக் கடைசிக் கொடுக்கையும் உடைத்தேன்.