தலையணைக்குள் ஒரு விசில்

இடது கை உறையின் வாயை விரித்துப் பிடித்திருக்க, வலது கை பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கொண்டுபோனது. முதலில் மூலைகள். மூலையில் பஞ்சு சரியாக உட்காராத தலையணை, தலை வைத்துப் படுத்த சில நாட்களிலேயே துவண்டுபோகும். இரண்டு விரல்களால் தள்ளி, உள்ளங்கையால் அழுத்தி, விட்டு, எவ்வளவு திரும்பி எழுகிறது என்று பார்த்து, மறுபடி ஒரு பிடி. மூலைகள் நிறைந்ததும் கை நின்றது. மடியில் கிடந்த தகர விசிலை எடுத்தது. அதன் வாயில் ஒரு துணுக்குப் பஞ்சை அடைத்து, சுற்றிலும் இன்னும் பஞ்சைப் பொதிந்து, முட்டையை வைப்பதுபோல உறையின் நடுவில் வைத்தது. விசிலில் கட்டியிருந்த சிவப்புக் கயிற்றின் நுனியை மட்டும் தையல் வரும் ஓரத்தில் வெளியே விட்டது. மேலே மறுபடியும் பஞ்சு.

ஜன்னல் வெயிலில் இலவம்பஞ்சின் இழைகள் மிதந்துகொண்டிருந்தன. அந்த அறையில் அவை ஒருபோதும் முழுதாகத் தரையைத் தொடுவதில்லை. கதவு திறந்தால் எழும், மூச்சு விட்டால் நகரும். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அவள் இமைகளில் நரை விழுந்ததுபோல அவை ஒட்டியிருக்கின்றன.

தெருவில் அவளுக்கு மெத்தைக்காரம்மா என்று பெயர். இளம்வயதில் ஒரு மெத்தைக் கடையில் உறை தைக்கப் போனாள். யாரும் உட்கார வைத்து எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. பழுதுக்கு வந்த மெத்தைகளைப் பிரிக்கும்போது, முன்னால் தைத்தவர்கள் எங்கே முடிச்சுப் போட்டிருக்கிறார்கள், ஏன் அங்கே போட்டார்கள் என்று பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். பிறகு தனியாகவே வீடு வீடாகப் போய், மாடியில் மெத்தையைப் பிரித்துப்போட்டு, குச்சியால் அடித்துப் பஞ்சை உதிர்த்து, வெயில் காட்டி, மறுபடி நிரப்பிக் கொடுத்தாள்.

ஒரு மெத்தையைப் பார்த்தால் அதில் படுப்பவர் எப்படித் தூங்குகிறார் என்று அவளுக்குத் தெரியும். ஒருக்களித்துப் படுப்பவர், குழந்தையை அணைத்துப் படுப்பவர், கணவனிடம் பேச்சை நிறுத்திவிட்டுச் சுவரோரம் ஒதுங்கியவர், எல்லாருடைய பள்ளமும் பஞ்சில் இருக்கும். இந்தச் சில வருடங்களாகத்தான் எல்லா வீட்டு மெத்தையும் ஒரே மாதிரி ஆகியிருந்தது. நடுவில் பள்ளமே இல்லை. கதவைப் பார்த்த ஓரம் மட்டும் நசுங்கிக் கிடந்தது. படுக்க வந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தே இரவைக் கழிக்கிறார்கள் என்று அதற்கு அர்த்தம்.

அதெல்லாம் விழிப்பு இயக்கம் வந்த பிறகு.

வந்தபோது அது ஒரு மேசையும் நாலு நாற்காலியும்தான். மாவுமில்லுக்கு மேல் ஒரு அறை. வெளியாட்கள் இருட்டில் வருகிறார்கள், தாழ்ப்பாளை அசைத்துப் பார்க்கிறார்கள் என்றார்கள். யாருடைய தாழ்ப்பாள் என்று கேட்டால், பக்கத்துத் தெரு என்றார்கள். பக்கத்துத் தெருவில் கேட்டால் இந்தத் தெருவைச் சொன்னார்களாம். சுவரொட்டியில் அந்த வெளியாளின் படம் இருந்தது. கழுத்துப்பட்டையைத் தூக்கிவிட்ட ஒருவன், முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கறுப்பு. அந்தக் கறுப்பில் அவரவர் தமக்குத் தெரிந்த முகத்தை வைத்துக்கொண்டார்கள்.

பிறகு வீட்டுக்கு ஒரு விசில் இலவசமாகக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் ஊத வேண்டும். ஒரு விசில் கேட்டால் எல்லாரும் ஊத வேண்டும், கட்டையோடு வெளியே வர வேண்டும். ஊதாத வீட்டுக்கு மறுநாள் தெருப் பொறுப்பாளர் நேரிலேயே வந்து அன்பாக விசாரிப்பார்.

"என்னண்ணே, உடம்பு கிடம்பு சரியில்லையா? நேத்து உங்க வீட்டுலருந்து சத்தமே காணோமே?"

அவ்வளவுதான் கேட்பார். ஆனால் அன்று மாலைக்குள் தெரு முழுக்க அந்த வீட்டை ஒரு மாதிரியாகப் பார்க்கும்.

இயக்கம் தேர்தலில் நின்றது. நாங்கள் வந்த பிறகு ஒருவன்கூட உள்ளே நுழைய முடியவில்லை, பார்த்தீர்களா என்று கேட்டது. அதற்கு முன்னாலும் யாரும் நுழைந்ததில்லை என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. தூக்கமில்லாத தலையில் எதுவும் நிற்காது. மாவுமில்காரர் பகலில் மூட்டைமேல் சாய்ந்தபடி நின்றுகொண்டே தூங்கினார். எதிர்வீட்டு டீச்சர் பாதிப் பாடத்தில் கண்ணயர்ந்து, விழித்து, வேறு பாடத்தைத் தொடர்ந்தார். தெரு முழுக்கத் தண்ணீருக்கடியில் நடப்பதுபோல நடந்தது. சுவர் மேல் ஒருவனைப் பார்த்தேன் என்பார்கள். பார்த்தார்களா, கனவு கண்டார்களா என்று அவர்களுக்கே தெரியாது. கனவில் வந்தவனும் விசில் கணக்கில் சேர்ந்தான்.

இதில் மெத்தைக்காரம்மாவின் கணவருக்குத்தான் பெரிய பெயர். அவர் லாரிப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இன்ஜின் இரைச்சலில் காது பாதி போயிருந்தது. ஆனால் முதலில் விசில் ஊதுகிறவர் எப்போதும் அவர்தான். இயக்கம் அவரை மேடையேற்றி, 'தெருவின் காது' என்று பட்டம் கொடுத்து, சிவப்புக் கயிறு கோத்த புது விசிலைக் கழுத்தில் மாட்டியது.

"சாப்பிட வாங்கன்னு நாலு தடவை கத்துறேன், காதுல விழல. வெளியாள் நடக்கிறது மட்டும் கேக்குதாக்கும்?" என்று அவள் கேலி செய்வாள்.

"நீ கத்துறது தினமும் கேக்கிறது. அதுக்கெல்லாம் காது எழுந்திருக்காது" என்பார் அவர்.

அவர்களுக்கு ஒரே மகள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரவு வேலை. விடியும் முன் முடித்துவிட்டு நடந்து வருவாள். முதல் தடவை விசில் சத்தத்தில் தெருவே திரண்டு அவளைச் சூழ்ந்தபோது, அவள் சிரித்துக்கொண்டேதான் வீட்டுக்கு வந்தாள்.

"மாவுமில் மாமா கட்டையை ஓங்கிட்டு நிக்கிறாரும்மா, சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கிட்டு. நீயாம்மான்னு கேட்டுட்டு அப்படியே கொட்டாவி விட்டாரு பாரு."

அடுத்த தடவை கட்டை முதலில் வந்தது, கேள்வி பிறகு வந்தது. அவள் முழங்கையிலிருந்து தோள்வரை கருநீலமாக வீங்கியது. மாவுமில்காரர் வாசலில் வந்து நின்று அழுதார். அழுது முடித்து, "அந்த நேரத்துல எதுக்கும்மா பொம்பளப் பிள்ளை நடந்து வரணும்?" என்று கேட்டுவிட்டுப் போனார். பொறுப்பாளரும் வந்தார். வேலையை விட்டுவிடச் சொன்னார்.

"என் கைக்கு அடி பட்டதுக்கு என் வேலை என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள் மகள். கையைத் தூக்க முடிந்த அன்றே வேலைக்குக் கிளம்பினாள்.

அன்றிலிருந்து மெத்தைக்காரம்மாவின் ஊசி கோணலாக ஓட ஆரம்பித்தது. அடுத்த தடவை கட்டை தலையில் விழுந்தால்? அந்த ஒரு நினைப்பு பஞ்சுக்குள் மாட்டிய விதைபோல எங்கே தொட்டாலும் கையில் பட்டது.

வேலைக்குப் போன வீடுகளில் எல்லாம் பேச்சோடு பேச்சாகக் கேட்டாள். அன்று யார் முதலில் ஊதினார்கள்?

"உங்க பக்கம் கேட்டுச்சு, நானும் ஊதினேன்" என்றார் டீச்சர்.

"உங்க வீட்டுலருந்துதானே எப்பவும் ஆரம்பிக்கும்?" என்றாள் மாவுமில்காரர் மனைவி. "உங்க வீட்டுக்காரருக்கு இருக்கிறது காதா, ரேடாரா?"

ஒரு வீடு பாக்கியில்லை. எல்லாரும் அவள் வீட்டைத்தான் கைகாட்டினார்கள்.

அன்று மத்தியானம் அவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். அவள் கீழே உட்கார்ந்து பஞ்சில் விதை பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வெளியாள்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறீங்க?"

அவருக்குச் சந்தோஷமாகப் போயிற்று. இதுவரை அவள் கேலி செய்திருக்கிறாளே தவிர, கேட்டதில்லை.

"நடையிலதான். நம்ம ஆளுங்க செருப்பை இழுத்துக்கிட்டு நடப்பாங்க. இது அப்படியில்ல. கனமான அடி. டொக்... டொக்... நின்னு நின்னு வரும். நம்ம வீட்டுக்கிட்ட வரவர மெதுவாகும். எனக்கு வேற என்ன நினைப்பு? பிள்ளை வர்ற நேரமாச்சே. அவ வர்றதுக்குள்ள இவனைத் துரத்திடணும்னுதான் ஊதுவேன்."

அவள் கை நின்றுவிட்டது. நிலைக்கதவின் ஓரத்தில் மகளின் ஷூ காய்ந்துகொண்டிருந்தது. சலவைக்கூடத்தின் ஈரத் தரைக்காக ஆஸ்பத்திரியில் கொடுத்தது, தடித்த அடி வைத்தது. தூங்குகிற அப்பாவை எழுப்பிவிடக் கூடாதே என்று, வீடு நெருங்கும்போது அவள் அடியை மெதுவாக்குவாள்.

மெத்தைக்காரம்மா பஞ்சை ஓரமாகத் தள்ளி வைத்தாள். அவர் பேசிய களைப்பில் கண்ணை மூடும்வரை காத்திருந்தாள். இரண்டு ஷூவுக்குள்ளும் கைகளை விட்டுக்கொண்டு, சிமெண்டுத் தரையில் முழங்காலிட்டு, ஒவ்வொன்றாக ஊன்றினாள். டொக். டொக். கொஞ்சம் நிறுத்தி, இன்னும் மெதுவாக, அவர் நாற்காலியை நோக்கி.

அவர் கண் திறக்கவில்லை. கை மட்டும் தானாக எழுந்தது. கழுத்துக் கயிற்றைப் பிடித்தது. விசில் உதட்டுக்குப் போய்விட்டது. மூச்சை இழுத்தபோதுதான் இமை பிரிந்தது. பஞ்சு மிதக்கும் வெயிலில், மகளின் ஷூவைக் கையில் மாட்டிக்கொண்டு மனைவி முழங்காலிட்டு நிற்பதைப் பார்த்தார்.

இழுத்த மூச்சை விட அவருக்கு ரொம்ப நேரம் ஆயிற்று. விசில் வாயிலிருந்து நழுவி மார்பில் விழுந்தது.

"அவளையா?" என்றார். "நானா?"

அவள் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"செருப்பு போட்டுட்டு வரச் சொல்லலாமா?" என்றாள், அவருக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"அவ மாத்திக்குவா. அதே மாதிரி நடையில வேற ஒருத்தி வருவா. அவளும் யாரோ பெத்த பிள்ளைதானே." கயிற்றைக் கழுத்திலிருந்து கழற்றினார். "இதை எங்கயாவது தூக்கிப் போடு. நான் ஊதக் கூடாதுன்னுதான் நினைப்பேன். கை கேக்காது. இப்பப் பார்த்தல்ல? தூக்கத்துலயே போகுது."

"தூக்கிப் போட்டா வந்து நிப்பாங்க, விசில் எங்கன்னு."

"அப்ப என்னதான் பண்றது?"

அவள் அவருடைய பழைய தலையணையை எடுத்து மடியில் வைத்துப் பிரிக்கத் தொடங்கினாள்.

பஞ்சை உதிர்த்து, மற்ற வேலைகளுக்கு நடுவே பத்து நாள் வெயில் காட்டினாள்; அதுவரை விசில் அவளுடைய தையல் பெட்டியில் கிடந்தது. மறுபடி நிரப்பி, உறையின் வாயைத் தைக்கும் நேரத்தில்தான் பொறுப்பாளர் வந்தார். கதவு திறந்ததும் பஞ்சு எழுந்து அவர் மீசையில் உட்கார்ந்தது. கண்ணின் கீழ் அவருக்கும் கறுப்பு கட்டியிருந்தது.

"என்னக்கா, பத்து நாளா தெரு அமைதியா இருக்கு?"

"நல்லதுதானே தம்பி."

"நல்லதா?" அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அடுத்த தேர்தல் வருது. ஜனங்க நிம்மதியா தூங்கிட்டாங்கன்னா, நாம எதுக்குன்னு கேப்பாங்க. அண்ணன் ஆரம்பிச்சாத்தான் மத்தவங்க ஊதுவாங்க. இந்தத் தெருவுல முதல்ல ஊத யாருக்குக்கா தைரியம்?"

"மத்தவங்க காதுல ஒண்ணும் விழலையோ என்னவோ."

"விழணும்க்கா." குரலைத் தாழ்த்தினார். "சத்தமில்லாத வீடுன்னா நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க. அப்புறம் என்னால ஒண்ணும் செய்ய முடியாது. விசில் பத்திரமா இருக்கில்ல?"

அவள் தலையணையை லேசாகத் திருப்பினாள். ஓரத்தில் சிவப்புக் கயிற்றின் நுனி தெரிந்தது.

"தலைமாட்டுலயே இருக்கு, பாருங்க."

அவர் பார்த்தார். தலையாட்டினார். எழுந்து போகாமல் தலையணையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த மாதிரி ஒண்ணு எனக்கும் தைக்க முடியுமாக்கா? படுத்தா கண்ணை மூட முடியல."

"முடியும். உங்க விசிலையும் சேத்துக் கொண்டாங்க. அதுக்கும் ஒரு இடம் பண்ணித் தர்றேன்."

அவர் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார். மீசையில் பஞ்சோடு இறங்கித் தெருவில் நடந்தார்.

வெயில் சாய்ந்தது. அவள் கடைசித் தையலை ஒருமுறைக்கு இருமுறை ஓட்டி, முடிச்சை உள்ளே தள்ளி, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். வாசலில் மகள் குனிந்து ஷூவின் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். அடிபட்ட கை இன்னும் கொஞ்சம் தயங்கித்தான் இழுத்தது. கணவர் நாற்காலியிலிருந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"கயிறைப் பிடிச்சு இழுத்தா வந்துடுமோ?"

"வராது. தையலோட சேத்துப் பிடிச்சிருக்கேன்."

"அப்ப நிஜமாவே ஒருத்தன் வந்தான்னா? எடுக்கணும்னா என்ன செய்யிறது?"

"பிரிக்கணும். இரட்டைத் தையல். கண்ணாடி போட்டு, விளக்கைப் போட்டு, கத்தரி தேடிப் பிரிக்கணும்."

"அதுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்?"

அவள் வாசல் பக்கம் பார்த்தாள்.

"தெருமுனையிலருந்து அவ வாசலுக்கு வந்து சேர்ற நேரம்."

மகள் நிமிர்ந்தாள். ஷூவைத் தரையில் ஒருமுறை தட்டிப் பார்த்தாள். டொக். அவருடைய வலது கை நாற்காலியின் பிடியிலிருந்து எழுந்தது. பாதியில் நின்றது. இடது கையும் எழுந்து அதோடு சேர்ந்தது. இரண்டையும் நீட்டினார். மெத்தைக்காரம்மா தலையணையின் மேல் ஒட்டியிருந்த பஞ்சை ஊதிவிட்டு, அதை அவர் கைகளில் வைத்தாள்.