ஒரே முகவரியில் மூன்று ஆட்டக்காரர்கள்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் இருந்த இடங்கள் பல. கொழும்பில் ஒரு துணிக்கடையின் மேல்மாடி, வவுனியாவில் ஓர் அரிசி ஆலை, நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் சமையலறையின் பின்பக்கம். எங்கும் ஓராண்டைத் தாண்டியதில்லை. கடைசியில் ராகலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், என் தங்கை இருக்கும் லயத்துக்கு, தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, வந்து சேர்ந்தேன். மரக்கறி லொறிகளுக்கு மூட்டை ஏற்றும் வேலை கிடைத்தது. போனில் நான்கு பேர் சேர்ந்து ஆடும் ஒரு சுடும் விளையாட்டு இருந்தது. போன இடமெல்லாம் என்னோடு வந்தது அது ஒன்றுதான்.

எங்கள் அணியில் அடுத்த வீட்டு அக்கா ஒருவர். கொழுந்து பறிக்கிறவர், எங்களில் கைவேகம் அவருக்குத்தான். அவருடைய கணவரின் தம்பி ஆட்டோ ஓட்டுகிறவன். நான்காவது ஆள் என்னோடு மூட்டை ஏற்றும் சிங்கள நண்பன். கீழே கிராமத்தில் சொந்த வீடு உள்ளவன். ஞாயிற்றுக்கிழமைகளில் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே உள்ள மேட்டில் உட்கார்ந்து ஆடுவோம். அங்கேதான் சிக்னல் அறுபடாமல் நிற்கும்; லயத்தில் வந்து வந்து போகும்.

ஒரு நாள் விளையாட்டைத் திறந்தால் முதல் பக்கத்தில் தமிழில் ஓர் அறிவிப்பு. நாடு முழுவதற்குமான போட்டி, எந்தப் போனிலும் ஆடலாம், தகுதிச் சுற்றுக்கு இருக்கிற இடத்தை விட்டு வரவேண்டாம். அக்கா அதை இரண்டு தரம் வாசித்தார்.

"நம்மளையுமா கூப்புடுறாங்க?"

"தமிழ்ல போட்டுருக்கான்ல அண்ணி, வேற யாரைக் கூப்புடுறானாம்?" என்றான் ஆட்டோக்காரன்.

அக்கா அன்றே கணவரிடம் பேசி அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையை வாங்கிவிட்டார். அன்று சமையலும் துணியும் கணவர் பொறுப்பு. இன்னொரு ஞாயிறு கேட்க முடியாது என்பது அக்காவுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

விண்ணப்பத்தில் வீட்டு இலக்கம் கேட்டிருந்தார்கள். எங்கள் லயத்தில் எந்த வீட்டுக்கும் இலக்கம் கிடையாது. கடிதம் வந்தால் தோட்டத்து ஆபீசுக்கு வரும். மறுநாள் காலையில், வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் பேர் சொல்லிக் கொடுப்பார்கள். ஆகவே நாங்கள் மூவரும் தோட்டத்து முகவரியையே எழுதினோம்.

செவ்வாய்க்கிழமை எங்கள் மூன்று கணக்குகளும் பூட்டிக்கிடந்தன. ஒரே ஆள் பல கணக்குகள் வைத்திருப்பதாகச் சந்தேகம் என்று காரணம் போட்டிருந்தது.

அக்காவுக்குக் கோபத்தில் சிரிப்பு வந்தது. "லயத்துல பன்னெண்டு காம்பரா, பன்னெண்டு குடும்பம். அம்புட்டு பேரும் ஒத்த ஆளுன்னு நெனச்சிட்டானா?"

சிங்கள நண்பன் தாராளமாகச் சொன்னான்: "மச்சாங், எங்க வீட்டு அட்ரஸ் போடு. நம்பர் இருக்கு, கேட் கூட இருக்கு."

இலக்கம்தானே பிரச்சினை என்று நினைத்து நாங்களும் அப்படியே மாற்றினோம். அன்று பின்னேரத்துக்குள் அவன் கணக்கும் பூட்டப்பட்டது. "நல்ல வேலை செஞ்சிங்க," என்றான் அவன். "இப்ப என் கேட்டும் பூட்டு."

எனக்குத் தெரிந்த தமிழில் நானே விளையாட்டுக் கம்பனிக்கு ஒரு கடிதம் தட்டினேன். இலக்கம் இல்லை, ஏமாற்றவில்லை, ஞாயிற்றுக்கிழமை விட்டால் எங்கள் அக்காவுக்கு வேறு நாள் இல்லை. அவ்வளவுதான். பதில் வரும் என்று நினைக்கவில்லை. எத்தனையோ ஆபீஸ்களுக்கு எழுதிய பழக்கம் அது.

வியாழக்கிழமை நாலரை மணிக்கு வீடியோ அழைப்பு வந்தது. யாழ்ப்பாணத்துப் பேச்சில் ஒரு பெண்.

"நீங்கள் எழுதினதை வாசிச்சனான். அந்த மூண்டு வீட்டையும் ஒருக்கா காட்ட ஏலுமோ?"

போனைப் பிடித்துக்கொண்டு லயத்தின் ஓரமாக நடந்தேன். தங்கை வீட்டு வாசல். அடுத்த வாசலில், அப்போதுதான் மலையிலிருந்து இறங்கிய அக்கா இடுப்பில் கட்டிய நனைந்த படங்குச் சாக்கோடு போனைத் தூக்கிக் காட்டினார். கடைசி வாசலில் ஆட்டோக்காரன் சட்டை போடாமல் நின்றவன் உள்ளே ஓடிவிட்டான்.

"இஞ்ச எல்லாருக்கும் ஒரே முகவரியோ?"

"ஆமாங்க. தோட்டத்துக்கே ஒன்னுதாங்க."

"அப்ப பிழை எங்கட படிவத்திலதான்," என்றார்.

அப்படி ஒரு வாக்கியத்தை ஓர் ஆபீஸ் ஆள் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தரம். அதோடு நிற்காமல், அங்கே எத்தனை மணிக்கு சிக்னல் நன்றாக இருக்கும் என்று கேட்டார். பின்னேரம் பனி இறங்கினால் போச்சு, காலைதான் என்றேன். வெள்ளிக்கிழமை நான்கு கணக்குகளும் திறந்தன, எங்கள் மூன்றும் பழையபடி தோட்டத்து முகவரியிலேயே. எங்கள் ஆட்டம் காலை ஒன்பதுக்கு விழுந்திருந்தது. போட்டி முடியும்வரை புது அப்டேட் கட்டாயமில்லை என்றும் அறிவித்திருந்தார்கள். பெரிய அப்டேட் ஒன்றை இறக்க எங்களுக்கு ராகலை டவுன் வரை போகவேண்டும். அது தெரிந்து செய்தார்களோ, தெரியாமல் செய்தார்களோ.

ஞாயிற்றுக்கிழமை முதல் ஆட்டத்தில் வென்றோம். கடைசியில் நாங்கள் மூவரும் விழுந்துவிட, அக்கா தனியாக இரண்டு பேரைச் சாய்த்தார். நேரலையில் தமிழில் வர்ணித்தவர் தோட்டத்தில் எங்கள் பிரிவான டிவிசனின் பெயரைப் பிழையில்லாமல் சொன்னார். கீழே லயத்தில் அக்காவின் கணவர் குழம்பை அடுப்பில் விட்டுவிட்டுப் பார்த்ததால் அன்று எல்லோருக்கும் தீய்ந்த பருப்பு. இரண்டாம் ஆட்டத்தில் நன்றாகவே தோற்றோம்.

பெரிய மேடையும் பரிசும் வைத்தால் விளையாட்டு வளரும் என்று கம்பனிகள் நினைக்கலாம். வளரட்டும். எங்களை ஆடவைத்தது எங்கள் மொழியில் பதில் சொல்ல ஓர் ஆளை வைத்ததும், அந்த ஆளுக்கு ஒரு பூட்டைத் திறக்கிற அதிகாரம் கொடுத்ததும்தான். இந்த வருட விண்ணப்பத்தில் 'வீட்டு இலக்கம் அல்லது தோட்டம், டிவிசன்' என்று இருக்கிறது. நான் இன்னும் ராகலையில் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

போன வருட ஆட்டம் முடிந்து சில வாரத்தில் கம்பனி எங்களுக்கு அணிச் சட்டைகள் அனுப்பியிருந்தது. பெரட்டுக்களத்தில் அக்காதான் என்னுடையதையும் வாங்கி வந்தார். கணக்கப்பிள்ளை மூன்று பொதிகளையும் புரட்டிப் பார்த்துச் சலித்துக்கொண்டாராம்.

"ஒரே எடத்துக்கு எதுக்கு மூணு பார்சல்? ஒன்னா கட்டி அனுப்புனா என்னவாம்?"

"நாங்க மூணு பேருங்கய்யா," என்றாராம் அக்கா.