முன் சைபரைக் கழித்த மாப்பிள்ளை

என் வீட்டுக்காரர் தம்புசாமிக்கு சிகரெட் இல்லை, பீர் இல்லை. இருக்கிற ஒரே கெட்ட பழக்கம், கம்ப்யூட்டரில் கிடக்கும் ஃபைல்களுக்குப் பெயர் மாற்றுவது. ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் வரைபடங்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. அங்கேதான் ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்ற வியாதி ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு பெயராக மாற்ற வேண்டாமாம். குறிகளை வைத்து ஒரு வரி எழுதினால், அதற்குப் பொருந்துகிற ஃபைல் எல்லாம் ஒரே தட்டில் பெயர் மாறிவிடுமாம். கிள்ளானில் எங்கள் வீட்டுத் தண்ணீர் பில்கூட இவரிடமிருந்து தப்பவில்லை. பல்பு மாற்றச் சொன்னால் மட்டும் மனுஷனுக்கு முதுகு வலிக்கும்.

மகள் குமுதாவின் கல்யாணப் படங்களையும் விட்டுவைக்கவில்லை. மேடையேறி வாழ்த்தியவர்களின் படங்களை மரியாதை பார்த்து வரிசைப்படுத்தி நம்பர் போட்டவள் நான். 001 சம்பந்தி. 002 என் அண்ணன் இராமலிங்கம், பெண்ணுக்குத் தாய்மாமன். கடைசியில் 180, சமையல்காரர்.

அச்சுக்கு அனுப்பும் முன் இவர் ஒரு பார்வை பார்த்தார். "முன்னால நிக்கிற சைபருக்கு என்ன வேலை? சும்மா எடத்த அடைச்சிக்கிட்டு."

ஒரே வரி எழுதினார். முன்னால் நின்ற சைபரெல்லாம் போயே போய்விட்டது. பிரிக்பீல்ட்ஸில் ஆல்பம் அச்சடிக்கிற மெஷினோ பெயரின் முதல் எழுத்திலிருந்துதான் வரிசை பிடிக்கும். 1 வந்ததும் 10, பிறகு 100, 101. ஒன்றில் தொடங்குகிற அத்தனையும் தீர்ந்த பிறகுதான் 2.

அண்ணனுக்கான ஆல்பத்தைக் கடையிலிருந்தே நேராக சுங்கை பூலோவில் அண்ணன் வீட்டுக்கு அனுப்பச் சொல்லிவிட்டார் இந்தப் புண்ணியவான். அண்ணன் புரட்டியிருக்கிறார். சம்பந்தி வந்தார். மைக் செட்காரர் வந்தார். சமையல்காரர் கரண்டியோடு வந்தார். அதற்கும் பின்னால் தாய்மாமன். அன்றிலிருந்து அண்ணன் என் போனை எடுப்பதில்லை.

குமுதாவுக்கோ ஏழாம் மாதம். எங்கள் குடும்பத்து வளைகாப்பில் தாய்மாமன் கொண்டுவருகிற வளையல்தான் முதலில் கையில் ஏறும். எனக்கு இருப்பது ஒரே அண்ணன். அவர் வராமல் என் பிள்ளையை எப்படி மணையில் உட்கார வைப்பேன்?

"கெளம்புங்க, வந்து மன்னிப்பு கேளுங்க" என்று இவரை இழுத்துக்கொண்டு போனேன். நான் வெற்றிலைத் தட்டை எடுத்தேன். இவர் லேப்டாப்பை எடுத்தார்.

அண்ணன் "உக்காருங்க" என்றதோடு சரி. இவர் லேப்டாப்பைத் திறந்தார்.

"மச்சான், இந்தக் கூரை மாதிரிக் குறி இருக்குல்ல, அது பேரோட ஆரம்பம்லா. பக்கத்துல சைபர். அதுக்கப்புறம் கூட்டல் போட்டா, எத்தன சைபர் நின்னாலும்..."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. லோரி ஓட்டியே காலம் கழித்த அண்ணன் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"சரி மாப்பிள்ளே. மெஷினுக்குத் தாய்மாமன் யாருன்னு தெரியாது. எனக்கு அனுப்புறதுக்கு முன்னால நீங்க ஒரு வாட்டி பொரட்டிப் பாத்திருக்கலாம்ல?"

இவர் லேப்டாப்பை மெல்ல மூடினார்.

"பாக்கல மச்சான். என் தப்புதான்."

இத்தனை வருஷத்தில் இவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. பாவமாகவும் இருந்தது, கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. அண்ணன் கைநீட்டித் தட்டை வாங்கிக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வளைகாப்பன்று எல்லோருக்கும் முன்னால் வந்து இறங்கியவர் அண்ணன்தான். பந்தி முடிந்த கையோடு இவர் படங்களை லேப்டாப்பில் ஏற்ற, நான் பக்கத்திலேயே காவலுக்கு நின்றேன். இவர் வரி எதுவும் எழுதவில்லை. அண்ணன் குமுதாவுக்கு முதல் வளையல் போடுகிற படத்தைத் தேடியெடுத்து, ஒவ்வொரு எண்ணாகக் கையாலேயே தட்டினார். 001.

அண்ணன் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"எதுக்கும் இன்னொரு சைபர் போட்டு வைங்க, மாப்பிள்ளே."

இவர் போட்டார்.