கடைசிப் பாடத்தில் வந்த பெயர்

குணசீலன் சார் பொய் சொல்கிறார்.

அந்தப் பொய்யைச் செய்து அவர் கையில் கொடுத்தவன் நான்.

என் பங்கை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹட்டனில் எங்கள் பயிற்சி நிலையத்தில் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் தமிழ்த் தட்டச்சுப் பழகிய மென்பொருளை நான் எழுதவில்லை. அது இணையத்தில் இலவசமாகக் கிடைத்தது. எடுத்தேன். எழுதியவரின் பெயரை அழித்தேன். அந்த இடத்தில் என் பெயரைப் போட்டேன். அது வெளியே வந்த நாளில், பழியை ஒரு பெண்பிள்ளையின் தலையில் விழவிட்டேன்.

குணசீலன் சார் நிலையத்தின் பணிப்பாளர். நான் அங்கே கணினி ஆசிரியனாக இருந்தவன். இப்போது இல்லை. அவர் இந்த வருடத்துச் சிறப்பு மலரில் மறுபடியும் எழுதியிருக்கிறார், "நம் தோட்டத்து இளைஞன் யோகராஜ் உருவாக்கிய மென்பொருள்" என்று. அதோடு நிறுத்தியிருந்தால் நான் இன்னும் கொஞ்ச காலம் கோழையாகவே இருந்திருப்பேன். அடுத்த வரியில், "ஒரு மாணவியின் குறும்பால் விழாவில் நேர்ந்த சங்கடத்தையும் தாண்டி" என்று சேர்த்திருக்கிறார்.

குறும்பா?

நடந்ததைச் சொல்கிறேன். நீங்கள் படித்துவிட்டு என்னைக் காறித் துப்பலாம். ஆனால் முழுவதையும் படியுங்கள்.

எங்களுக்குக் கணினிகள் வந்தது ஒரு லொறியில். கொழும்பில் ஏதோ அலுவலகம் கழித்துவிட்டவை. இரண்டாயிரத்துக்குப் பிறகு உலகம் எங்கோ போய்க்கொண்டிருந்தது, எங்களுக்கு வந்தவையோ தொண்ணூறுகளின் தொடக்கத்துப் பெட்டிகள். புதிய மென்பொருள் எதைப் போட்டாலும் மூச்சு நின்றுவிடும். கொண்டுவந்து இறக்கியவர்களே, "பார்வைக்கு வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்கள்.

நான் விடவில்லை. இதில் எனக்கு இன்றும் வெட்கமில்லை, பெருமைதான். நகரத்தில் ஒரு நெட் கடை இருந்தது. ஞாயிறுதோறும் அங்கே உட்கார்ந்தேன். இணையத்தில் பழைய மென்பொருள் களஞ்சியங்கள் இருக்கின்றன என்பது அங்கேதான் தெரிந்தது. எல்லோரும் கழித்துவிட்ட கணினிகளுக்காக, யார் யாரோ உலகத்தின் மூலைகளில் இருந்து எழுதி, காசு கேட்காமல் அடுக்கி வைத்திருந்தார்கள். கடிதம் அடிக்க ஒன்று, படம் வரைய ஒன்று, கணக்குப் பழக ஒன்று. எல்லாம் கையளவுக் கோப்புகள். ஒரு புளொப்பியில் இரண்டு மூன்று அடங்கும்.

கடைக்காரர் சிங்களவர், நல்ல மனுசன். என் புளொப்பி டப்பாவைக் கண்டாலே, "மல்லி, அதத் பரண ஏவாத?" என்பார். தம்பி, இன்றைக்கும் பழையதுதானா என்று. "பரண ஏவா தமய் ஹொந்த" என்று நான் சொல்வேன். பழையதுதான் நல்லது. அவர் சிரிப்பார். நான் சிரிக்க மாட்டேன், உண்மையாகத்தான் சொன்னேன்.

எங்கள் பனியில் புளொப்பிக்குள் பூஞ்சணம் பிடிக்கும். பால்மா டப்பாவில் போட்டு, வீட்டில் அடுப்புக்கு மேலே பரணில் வைத்துக் காப்பாற்றினேன். நிலையத்தில் பிள்ளைகள், "சாரோட கம்பியூட்டருக்கு விறகு வாசம் அடிக்குது" என்று கேலி செய்தார்கள். ஆனால் பெட்டிகள் ஓடின. செத்தது என்று கொண்டுவந்து போட்டவை எல்லாம் ஓடின.

அந்தக் களஞ்சியத்தில்தான் தமிழ்த் தட்டச்சு கற்பிக்கும் அந்தச் சிறிய மென்பொருள் கிடைத்தது. எழுதியவர் பெயர் தவமலர். எந்த நாட்டில் இருந்தார் என்று தெரியாது. கூடவே ஒரு குறிப்பு வைத்திருந்தார். இலவசம், யாருக்கும் கொடுக்கலாம், எத்தனை பிரதியும் எடுக்கலாம், என் பெயரை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அவ்வளவுதான் அவர் கேட்டது.

படித்தேன். புரிந்துதான் படித்தேன்.

குணசீலன் சாருக்கும் காட்டினேன். நாங்கள் இரண்டு பேரும் நோட்டன் பிரிட்ஜ் பக்கம் ஒரு கூட்டத்துக்கு வேனில் போய்க்கொண்டிருந்தோம். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தம்பி, சும்மா கெடைச்சதுன்னு சொன்னா, உதவி குடுக்கிறவங்க சும்மா கெடந்ததுன்னுதான் நெனைப்பாங்க. நம்ம புள்ள செஞ்சதுன்னு சொல்லிப் பாருங்க, கட்டடமே கட்டித் தருவாங்க."

"அந்தம்மா பேரு இருக்குங்களே சார்."

"அந்தம்மா ஹட்டனுக்கா வரப்போறாங்க?"

இதுதான் அவர் சொன்னது. அழி என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அழித்தது என் கை. மென்பொருளைத் திறந்து எழுத்தெழுத்தாக மாற்றும் கருவியும் அதே களஞ்சியத்தில் இலவசமாகக் கிடைத்தது. தவமலரின் பெயர் ஆங்கில எழுத்தில் இருந்தது. தேடினேன். முதல் திரையில் அகப்பட்டது. என் பெயர் அதைவிடச் சிறியது, மிஞ்சிய இடத்தை வெற்றெழுத்தால் நிரப்பினேன். கணினியை மறுபடி போட்டேன். திரையில் யோகராஜ் என்று வந்தது.

சந்தோசமாக இருந்தது. இதையும் மறைக்க விரும்பவில்லை... உண்மையாகவே நான்தான் செய்தேன் என்பது போல் இருந்தது.

நான் யாருடைய மகன் தெரியுமா? கொழுந்து பறித்தவளின் மகன். நாள் முழுக்க மலையில் நின்று பறித்தாலும், நிறுவையில் கொஞ்சம் குறைந்தால் அன்றைக்குப் பதிவேட்டில் அரைப்பேர் போடுவார்கள், அரைநாள் சம்பளம்தான். முழுநாள் வேலை, பாதிப் பெயர். சில நாள் பெயரையே வெட்டிவிடுவார்கள். ஒரு நாள் அம்மா நிறுவைக் கொட்டிலில் கணக்கப்பிள்ளையிடம் கேட்டாள், "வேல செஞ்சது நானு. எம் பேர வெட்ட நீங்க யாருங்க?" மறுநாளும் வெட்டினார்கள். அந்தக் கோபத்தில் வளர்ந்தவன் நான். பெயரை வெட்டுகிறவனைப் போல் ஈனப்பிறவி இல்லை என்று ஊரெல்லாம் பேசித் திரிந்தவன்.

நான் வெட்டியது அரைப்பேர்கூட இல்லை. முழுப்பேர்.

இனி புவனேஸ்வரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே ஒரு தோட்டம், அங்கிருந்து பஸ்ஸில் வருவாள். பத்தொன்பது இருபது வயது இருக்கும். வாய் அதிகம், கை அதைவிட வேகம். நான் ஆசிரியன், ஆனால் இரண்டு விரலால் தட்டுகிறவன். அவள் அதைப் பார்த்துவிட்டு, "சார், கோழி கெளர்ற மாதிரி இருக்குங்க" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அவளை எனக்குப் பிடிக்கும்.

நிலையத்தில் உதவி ஆசிரியை ஒருவர் தேவைப்பட்டார். அவளுக்கே கொடுப்பது என்று குணசீலன் சாரும் நானும் பேசி முடித்திருந்தோம். ஆண்டு விழாவில் மேடையில் அறிவிப்பதாக ஏற்பாடு. அது கிடைக்காவிட்டால் அவள் கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போக வேண்டும். வேலைக்கு ஆள் பிடிக்கும் தரகர் வந்து பேசிவிட்டுப் போயிருந்தார். அவளுடைய அம்மா என்னிடம் வந்து, "இவ அக்கா போயி என்னா ஆனான்னு தெரியுமுங்க. இவளையாவது இங்கனயே வச்சிக்கங்க சார்" என்றார். வைத்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

விழாவுக்கு முந்தின வாரம் புவனா என் மேசைக்கு வந்தாள்.

"சார், கடைசிப் பாடத்தப் பிழையில்லாம அடிச்சிட்டேங்க."

"அடிச்சிட்டியா?"

"ம். அடிச்சதும் வாழ்த்துன்னு வருது. அதுக்குக் கீழ, தவமலருன்னு ஒரு பேரு. அது யாருங்க சார்?"

கடைசிப் பாடத்தை நான் முடித்ததே இல்லை. ஒரு பிழைகூட இல்லாமல் அடித்தால்தான் அந்தத் திரை திறக்கும். இரண்டு விரல்காரனுக்கு அது எப்படித் திறக்கும்? அங்கே பெயர் தமிழ் எழுத்தில் இருந்திருக்கிறது. ஆங்கிலத்தில் தேடியவனுக்கு அகப்படவில்லை. என்னைப் போன்றவன் வந்து சேர முடியாத இடத்தில் அந்தப் பெயர் இருந்தது.

"அது மாதிரிக்குப் போட்ட பேரு. விடு" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "சரிங்க சார்" என்றாள். அதற்கு முன் அவள் சரிங்க சார் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

அன்றே அந்தத் திரையைச் சரிசெய்யப் பார்த்தேன். முடியவில்லை. எனக்கு அவ்வளவு தெரியாது.

விழா. மண்டபம் நிறைய ஆட்கள். புவனாவின் அம்மாவும் முன்வரிசையில் இருந்தார். வெளியிலிருந்து உதவி செய்கிறவர்கள், கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு பெரியவர். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் போடுவார். குணசீலன் சார் மைக்கில் என்னைப் புகழ்ந்தார். கைதட்டினார்கள். நான் எழுந்து கும்பிட்டேன். பிறகு, "எங்கள் மாணவி ஒருவர் இப்போது செய்து காட்டுவார்" என்று புவனாவைக் கூப்பிட்டார்.

எந்தப் பாடம் என்று அவர் சொல்லவில்லை. அவள் கடைசிப் பாடத்தை எடுத்தாள். வேண்டுமென்றா? தெரியாது. அவளிடம் நான் கேட்டதில்லை. ஒரு பிழை விட்டிருந்தால் நான் தப்பியிருப்பேன். ஒரு ஆசிரியன், தன் மாணவி பிழைவிட வேண்டும் என்று சாமி கும்பிட்டுக்கொண்டு நின்றேன்.

அவள் பிழை விடவில்லை.

பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "இது ஆரின்ர பேர், பிள்ளை?"

புவனா என்னைத் திரும்பிப் பார்த்தாள். சொல்லிவிடுங்கள் என்ற பார்வை. நான் வேறு பக்கம் பார்த்தேன்.

குணசீலன் சார் பேசினார். "இந்தப் புள்ள கொஞ்சம் குறும்புங்க ஐயா. ஏதோ வெளையாட்டுக்குப் போட்டு வச்சிருக்கு. என்னா யோகராஜ்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஆமாங்க" என்றேன்.

அந்த ஒரு சொல்தான் என் குற்றம். பெயரை அழித்தது திருட்டு. இது அதைவிடக் கேடு.

மன்னிப்புக் கேள் என்று மைக்கை அவள் கையில் கொடுத்தார் குணசீலன் சார். அவள் வாங்கினாள்.

"நான்தான் செஞ்சேன்னு சொல்லச் சொல்றாங்க. சொல்லிட்டேன்."

பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். அவள் மைக்கை மேசையில் வைத்துவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள். வேலை அறிவிக்கப்படவில்லை. மறுவாரம் அவள் கொழும்புக்குப் போய்விட்டாள். நான் இன்னும் இரண்டு வருடம் அதே கதிரையில் உட்கார்ந்து, சம்பளம் வாங்கிக்கொண்டு, என் பெயர் வரும் திரையை வைத்துப் பாடம் நடத்தினேன். பிறகு வேறு வேலை கிடைத்துப் போனேன். மனச்சாட்சி உறுத்தி விலகினேன் என்று எழுத ஆசைதான். பொய்.

போன யாத்திரைச் சீசனில் சிவனொளிபாத மலைக்குப் போய் இறங்கும்போது அடிவாரத்து நல்லதண்ணியில் அவளைக் கண்டேன். ஒரு கடையில் கம்பளித் தொப்பி விற்றுக்கொண்டிருந்தாள். கொழும்பிலிருந்து திரும்பி வந்து, சீசனுக்குக் கடை, மற்ற நாளில் மலையில் கொழுந்து. என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்துகொண்டாள்.

"என்னாங்க சார், தொப்பி வேணுமா?"

நான் அழத் தொடங்கினேன். எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன், நான் திருடியது, குணசீலன் சாருக்குத் தெரிந்தே இருந்தது, எல்லாம். அவள் தொப்பிகளை அடுக்கிக்கொண்டே கேட்டாள்.

"எங்கிட்ட எதுக்குங்க சொல்றீங்க? எனக்குத் தெரியுமே. அன்னைக்கு மண்டபத்துல இருந்தவங்களுக்குத்தான் தெரியாது."

"மன்னிச்சிரு புவனா."

"ஆளுங்க நிக்கிறாங்க சார். தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றேன்.

அதற்குப் பிறகும் நான் எழுதவில்லை. சிறப்பு மலர் வந்து, குறும்பு என்ற சொல்லைப் படித்த பிறகுதான் எழுதுகிறேன். இதற்குள்ளே அந்தக் குறிப்பில் இருந்த தவமலரின் முகவரிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டேன், அப்படி ஒரு முகவரி இல்லை என்று திரும்பி வந்தது. ஆனால் களஞ்சியத்தில் அந்த மென்பொருள் அப்படியே இருக்கிறது. முதல் திரையில் அவர் பெயர். நம்பாதவர்கள் இறக்கிப் பாருங்கள். கடைசிப் பாடத்தைப் பிழையில்லாமல் அடிக்க உங்களால் முடிந்தால், அங்கேயும் இருக்கிறது.

இதை எழுதியதால் என் பாரம் இறங்கிவிட்டது என்று நினைக்காதீர்கள். இறங்கவில்லை. அந்த "ஆமாங்க" இன்னும் என் தொண்டையில் இருக்கிறது.

குணசீலன் சார், இப்போது உங்களிடம். எனக்கு ஆள் அனுப்பாதீர்கள், போனில் பேசாதீர்கள். அதே மண்டபம் ஹட்டனில் இருக்கிறது. நானும் வருகிறேன். அதே மைக்கைப் பிடித்து, அன்றைக்கு அந்தப் பெரியவர் கேட்ட கேள்விக்கு எல்லோர் முன்னாலும் பதில் சொல்லுங்கள்.

அது யாருடைய பெயர்?