தம்பியின் கை

ஆம்பூரில் தோல் தரம் பிரிப்பது என் வேலை. நானும் தம்பி சேகரும் ஒரே நாளில் ஜிம்மில் சேர்ந்தோம். ஆறே மாதத்தில் எனக்கு அப்பாவைப் போலத் தோள் திரண்டுவிட்டது. அவனுக்கு அம்மாவின் மெல்லிய உடல்வாகு. என்னைவிட அதிகம் உழைத்தும் கை பருக்கவில்லை.

"நான் தூக்குறதத்தானே நீயும் தூக்குற? ஒனக்கு மட்டும் இன்னாடா கொறச்சல்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன்.

அதன்பின் எனக்குத் தெரியாமல் தசை ஏற ஊசி போட ஆரம்பித்திருக்கிறான். சிறுநீரகம் கெட்டது. வேலூர் ஆஸ்பத்திரியில் நீர் கோத்து வீங்கிய கையைக் காட்டி, "இப்ப ஏறிச்சு இல்லண்ணா?" என்றான். மறுவாரம் போய்விட்டான்.

ஆட்டுத்தோலில் மாட்டுத்தோலின் கனத்தை நான் ஒருநாளும் எதிர்பார்த்ததில்லை.

இப்போது ஜிம்முக்குப் புதிதாக வருகிறவர்களிடம், அப்பா அம்மாவுக்கு எப்படிப்பட்ட உடம்பு என்று முதலில் கேட்கிறேன். சேகரிடம் அதைக் கேட்க வேண்டிய அவசியமே எனக்கு இருக்கவில்லை.