மேல்வரிசையில் இரண்டு பற்கள்

செயற்கைப் பல் பொருத்திக்கொள்ளும் ஊழியர் முன் அனுமதி பெற வேண்டும். விண்ணப்பத்தின் மீது தாமதமின்றி முடிவெடுக்கப்பட வேண்டும். எங்கள் அலுவலக மருத்துவ விதிகளில் இந்த இரண்டு வாக்கியங்களும் அடுத்தடுத்து இருந்தன. முதலாவது ஊழியருக்கு, இரண்டாவது அதிகாரிக்கு. முதலாவதை மீறித் தப்பித்தவரை நான் பார்த்ததில்லை. இரண்டாவதை மதித்தவரையும்தான்.

போன வாரம் மாட்டுங்காவில் பல் டாக்டரிடம் போயிருந்தேன். என் கடைவாய்ப் பல் ஒன்று பாதாம்பருப்பிடம் தோற்றுவிட்டது. பிடுங்கியாகிவிட்டது, காலியிடத்துக்கு என்ன செய்வது என்பதுதான் கேள்வி. பேத்தி வயது டாக்டர் பிளாஸ்டர் தாடை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "அங்கிள், கழட்டி மாட்டற செட்டா, பிரிட்ஜா, இம்ப்ளான்டா? நிதானமா யோசிச்சுச் சொல்லுங்கோ" என்றாள். அறையெல்லாம் கிராம்புத் தைல வாசனை. எனக்குக் கிராம்பு என்றால் பிரியாணி நினைவுக்கு வருவதில்லை. சகாயம் வருவான்.

சகாயம் தாராவிக்காரன். சொந்த ஊர் நாசரேத் பக்கம். என் பக்கத்து நாற்காலி. காலையில் கோப்பு பார்ப்பான், மதியம் அலுவலக வாசலில் யூனியன் கூட்டத்தில் பேசுவான். மைக் கிடையாது. அவன் பேச ஆரம்பித்தால் இரண்டாவது மாடியில் அதிகாரிகள் ஜன்னலைச் சாத்துவார்கள். தமிழும் பம்பாய் ஹிந்தியும் ஒரே மூச்சில் வரும். எதிரே நிற்கும் மராட்டிக்காரர்கள் புரிந்த இடத்திலும் புரியாத இடத்திலும் கை தட்டுவார்கள்.

ஒரு காலை சயான் நிலையத்தில் கூட்டம் அவனை ரயில் கதவின் கம்பியில் மோத வைத்தது. மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டும் போயின.

டாக்டரிடம் நானும் கூடப் போனேன். அதே மூன்று வழிகள். கழற்றி மாட்டும் செட் அண்ணத்தை மூடும், பேச்சு குழறும். இம்ப்ளான்ட் என்றால் தாடை எலும்பில் திருகாணி; எலும்பு அதைப் பிடித்துக்கொள்ள மாதக்கணக்காகும், அவனுக்கோ சர்க்கரை. பிரிட்ஜ் என்றால் இரண்டு பக்கமும் இருக்கும் நல்ல பற்களை ராவி, அவற்றின் மேல் பாலம் மாதிரி உட்கார வைப்பது. சகாயம் பிரிட்ஜைத் தேர்ந்தெடுத்தான். கேன்டீன் ஆட்களை நீக்கிவிட்டுக் கான்ட்ராக்டில் விடப்போவதாகப் பேச்சு அடிபட்ட சமயம். அதற்குள் அவனுக்குப் பேச்சு திரும்ப வேண்டும்.

"சீக்கிரம் வாங்கோ. பல்லு சும்மா இருக்காது, பக்கத்துப் பல்லெல்லாம் சாய ஆரம்பிச்சுடும்" என்றார் டாக்டர்.

விண்ணப்பத்தை நான்தான் எழுதினேன். காற்புள்ளிகூடத் தப்பாத விண்ணப்பம். முதல் ஆட்சேபணை வந்தது: இது அழகுக்கா, அவசியத்துக்கா? பதில் கொடுத்தோம். இரண்டாவது: விபத்துக்கு முன் மேற்படி பற்கள் இருந்தனவா, சான்று தேவை. சகாயம் தன் கல்யாணப் போட்டோவை இணைத்தான். அதில் அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"கைக்காசைப் போட்டுக் கட்டிக்கோயேன்" என்றேன்.

வாயைக் கைக்குட்டையால் மூடியபடி சொன்னான்: "நீரே சொல்லுதீரா வே? உரிமையைக் கேட்டு வாங்குங்கன்னு நாந்தான் வாசல்ல நின்னு கத்துதேன். நானே விட்டுட்டேன்னா, நாளைக்கு அந்தக் கேன்டீன்காரன் எந்த வாயால கேப்பான்?"

யூனியன்காரன் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. பற்கள் விதிப்புத்தகம் படிக்கவில்லை. அவை சாய்ந்தன. இடைவெளி குறுகியது.

கேன்டீன் ஆட்களுக்காகக் கூட்டம் போட்ட நாளன்று வேறு வழியில்லாமல், தாராவியில் அவசரமாகச் செய்த பிளாஸ்டிக் செட் ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தான். அளவு சரியில்லை. மேலே எவரும் ஜன்னலைச் சாத்தவில்லை. அவன் பேச்சில் விசில் வந்தது. முதலில் இரண்டு பேர் குனிந்துகொண்டார்கள். "இன்குலாப்" என்று கையை உயர்த்தியபோது செட் கழன்று தரையில் விழுந்தது. "ஜிந்தாபாத்" எழவில்லை. சிரிப்பு எழுந்தது. கேன்டீனில் தோசை வார்க்கும் மணியும் சிரித்தார். அடக்க முயன்றார், முடியவில்லை. யாருடைய சோற்றுக்காகக் கூட்டமோ அவரே. சகாயம் குனிந்து அதை எடுத்தான், சட்டையில் துடைத்தான், பையில் போட்டுக்கொண்டான். பிறகு அவன் வாசலில் பேசவில்லை. வேறு யாரும் பேசவில்லை. அந்த மாதமே கேன்டீன் அடுப்பு அணைந்தது. மணி அம்பர்நாத்தில் ஏதோ கம்பெனிக்கு வாட்ச்மேனாகப் போனார்.

மேலிருந்து பார்த்த அதிகாரி சும்மா இருக்கவில்லை. மூன்றாவது ஆட்சேபணை: விண்ணப்பதாரர் அனுமதியின்றி ஏற்கனவே பல் கட்டிக்கொண்டதாகத் தெரிகிறது, விளக்கம் தேவை.

சகாயம் இன்று இல்லை. அந்த வாசலும் இல்லை. கண்ணாடிக் கதவு தானாகத் திறக்கிறது, உள்ளே வேலை பார்க்கும் பிள்ளைகள் காதில் எதையோ செருகிக்கொண்டு போகிறார்கள். கேன்டீன் இருந்த இடத்தில் காசு போட்டால் காபி துப்பும் இயந்திரம். பேத்தி வயது டாக்டருக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. ஓட்டையை நாக்கால் தடவிக்கொண்டிருக்கிறேன்.

அவனுடைய விண்ணப்பத்துக்கு மட்டும் ஒருநாள் பதில் வந்தது. இருபுறப் பற்களின் மீது பிரிட்ஜ் பொருத்த அனுமதி, பணியில் இருக்கும் ஊழியர்களுக்கு மட்டும் பொருந்தும் என்ற குறிப்புடன். அந்தப் பற்களில் ஒன்று அதற்குள் தானாக விழுந்திருந்தது. மாலை போட்டு, சால்வை போர்த்தி, இரண்டு வார்த்தை பேசச் சொன்னபோது அவன் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான். அப்போதுதான் பியூன் அந்த அனுமதிக் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். மே மாதம் முப்பத்தொன்றாம் தேதி, அவன் ஓய்வு பெற்ற மாலை.